சொல்லை எடுத்தால் சிரிப்பும் போக வேண்டும்

பிளஸ் டூ ஆங்கில வினாத்தாளைப் பிரித்தால் முதல் மூன்று கேள்விகள் ஒரே பொருள் தரும் சொல்லைக் கேட்கும். அடுத்த மூன்று எதிர்ப்பொருளைக் கேட்கும். பத்தாம் வகுப்பிலும் இதே வரிசைதான். ஆக ஆறு மதிப்பெண். பாலக்கோடு, அரூர், பென்னாகரம் என்று தருமபுரி மாவட்டத்தின் எந்த டியூஷன் சென்டருக்குள் போனாலும் இந்த ஆறு மதிப்பெண்ணுக்கென்றே ஒரு நோட்டு இருக்கும். இடப்பக்கம் ஓர் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் இன்னோர் ஆங்கிலச் சொல், சில சமயம் ஓரத்தில் தமிழில் பென்சிலால் ஒரு பொருள். வாக்கியம் மட்டும் இருக்காது. பள்ளி முடித்து எஸ்.எஸ்.சி., வங்கித் தேர்வு என்று இறங்குகிறவர்களின் நோட்டு இன்னும் தடிமனாகும். எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு மட்டும் 25 கேள்வி, 50 மதிப்பெண். அந்த நோட்டிலும் வாக்கியம் இருக்காது.

இந்த நோட்டுக்கு மாற்றாக நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் வழி ஒன்று உண்டு. கடினமான சொல்லை ஒரு சிரிப்பு வாக்கியத்துக்குள் வைத்துக் கொடுத்துவிட்டால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள் என்பார்கள். ஆசிரியர்கள் சொல்கிறார்கள், யூடியூப்காரர்கள் சொல்கிறார்கள், டுவோலிங்கோ போன்ற செயலிகள் விசித்திர வாக்கியங்களாலேயே பெயர் வாங்கியிருக்கின்றன. நாளிதழ்களும் இதைச் செய்து பார்த்தவைதான். 1980-களில் 'தி இந்து'வில் பேராசிரியர் கே. சுப்ரமணியன் தொடங்கி, பிறகு அவர் மகன் எஸ். உபேந்திரன் தொடர்ந்த 'நோ யுவர் இங்கிலீஷ்' பத்தி, நண்பர்கள் ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொள்ளும் உரையாடல் வழியாகவே மரபுத்தொடர்களைக் கற்றுத் தந்தது. 'இந்து தமிழ்' நாளிதழில் ஜி.எஸ்.எஸ். எழுதிய 'ஆங்கிலம் அறிவோமே' அதே வேலையைத் தமிழில், தமிழ் வாசகரின் குறும்புக் கேள்விகளோடு செய்தது. ஆகவே வழி புதிதல்ல. இது எந்த அளவு வேலை செய்கிறது, எங்கே கைவிடுகிறது, தருமபுரி மாதிரியான மாவட்டத்தில் இதை எப்படிச் செய்தால் பலன் இருக்கும் என்பதுதான் கேள்வி.

தருமபுரியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 சதவீதம், தருமபுரியில் 68.54. மாநிலத்திலேயே கடைசி. கல்லூரியில் சேரும்போது 'முதல் தலைமுறைப் பட்டதாரி' சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் இங்கே ஏராளம். அவர்கள் வீட்டில் ஆங்கிலப் பத்திரிகை வருவதில்லை. வளமான ஆங்கிலச் சொற்களைக் காதால் கேட்கவும் வழியில்லை. ஆனால் இதை மொழி வறுமை என்று எண்ணிவிடக் கூடாது. ஊருக்கு ஊர் பெயர் 'அள்ளி' என்று முடிகிற மண் இது. கன்னட 'ஹள்ளி' தமிழில் இப்படி ஆகிவிட்டது. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டு, பள்ளியில் தமிழில் படித்து, பெங்களூருக்கு வேலைக்குப் போன அண்ணனிடமிருந்து கொஞ்சம் இந்தியும் பிடித்துக்கொண்ட பையனுக்கு, ஒரு பொருளுக்கு இரண்டு மூன்று சொல் இருப்பது அதிசயமே அல்ல. போகிற போக்கில் ஒன்று: இந்த ஊரில் தங்கி அந்நிய மொழியில் தேறிய பழைய மாணவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. 1792-இல் தருமபுரியை உள்ளடக்கிய பாரமகால் பகுதி கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்தபோது அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக வந்து ஏழு ஆண்டுகள் குடியானவர்களோடு பேசிப் பேசியே வரி நிர்ணயம் செய்தார். அவருக்கு ஆறு மதிப்பெண் தேர்வு கிடையாது; நிலத்தகராறுகள்தாம் பாடம்.

வாக்கியமே இல்லாத நோட்டு எங்கிருந்து வந்தது? பாதி நம் சொந்தச் சொத்து. திண்ணைப் பள்ளியில் நிகண்டை மனப்பாடம் செய்துதான் சொல்வளம் சேர்த்தோம். சூடாமணி நிகண்டு செய்யுளாக இருந்ததால் தாளம் நினைவுக்குத் துணை நின்றது. ஆங்கிலச் சொற்பட்டியலில் தாளம் போய்ப் பட்டியல் மட்டும் எஞ்சியது. மறுபாதி, விடுதலைக்குப் பிறகு வந்த பயிற்சி முறை. 1959 வாக்கில் சென்னை மாநிலத்தில் பிரிட்டிஷ் கவுன்சில் துணையோடு சுமார் 27,000 ஆசிரியர்களை மறுபயிற்சிக்கு உட்படுத்த முயன்ற பெரிய இயக்கம் ஒன்று நடந்தது; 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்று அதற்குப் பெயர். அமைப்பு முறைப் பாடத்திட்டம் அதன் அடிப்படை. பேனாவைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு 'இது ஒரு பேனா' என்று வகுப்பே கோரஸாகச் சொன்னது இந்த முறையில்தான். யாரும் யாரிடமும் சொல்லத் தேவையில்லாத வாக்கியம் அது. அப்படிப்பட்ட வாக்கியத்தைவிடப் பட்டியலே மேல் என்று பிள்ளைகள் முடிவு செய்ததில் தப்பில்லை.

இனி, சிரிப்பு நினைவுக்கு உதவுகிறதா என்பதைப் பார்ப்போம். இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1977-இல் கப்லான், பாஸ்கோ என்ற இருவர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்கு நகைச்சுவை கலந்த விரிவுரையையும் கலக்காத விரிவுரையையும் கொடுத்தார்கள். உடனே வைத்த தேர்வில் வித்தியாசம் இல்லை. ஆறு வாரம் கழித்து வைத்த தேர்வில் நகைச்சுவை கேட்டவர்கள் முந்தினார்கள். ஆனால் எந்தக் கருத்தை ஒட்டி நகைச்சுவை சொல்லப்பட்டதோ அந்தக் கருத்தில் மட்டும்தான். பாடத்துக்குச் சம்பந்தமில்லாமல் இடையில் சொன்ன ஜோக்கால் ஆதாயம் இல்லை. 1994-இல் ஸ்டீபன் ஷ்மிட் தனித்தனி வாக்கியங்களை வைத்துச் சோதித்தார். சாதாரண வாக்கியங்களோடு கலந்து கொடுத்தபோது நகைச்சுவை வாக்கியங்கள் அதிகம் நினைவில் நின்றன. பட்டியல் முழுவதும் நகைச்சுவையாகவே இருந்தபோது அந்த மேன்மை காணாமல் போயிற்று. கலந்த பட்டியலிலும், பக்கத்தில் இருந்த சாதாரண வாக்கியங்களின் பங்கைப் பிடுங்கிக்கொண்டுதான் நகைச்சுவை வாக்கியம் நின்றது.

பாடம் நடத்துகிறவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, இலை முழுக்க ஊறுகாய் வைத்தால் சோறு இறங்காது. இருபது சொல்லில் நான்கைந்துக்குச் சிரிப்பு போதும், அதுவும் வாயில் நுழையாத சொல்லாகப் பார்த்து. இரண்டாவது இன்னும் முக்கியம்: சிரிப்பு சொல்லின் பொருளிலிருந்தே பிறக்க வேண்டும். ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கும் சிரிப்பு, ஜோக்கை மட்டும் நினைவில் நிறுத்திவிட்டுச் சொல்லைத் தொலைத்துவிடும்.

இதற்குப் பெரிய சாட்சி சசி தரூர். 2017 மே மாதம் அவர் ட்விட்டரில் 'ஃபராகோ' என்ற சொல்லைப் போட்டதும் நாடே சிரித்தது. மீம்கள் வந்தன, அகராதித் தளங்களில் தேடல் குவிந்தது. இன்று வீதியில் நின்று கேளுங்கள்: அது தரூரின் சொல் என்பது பலருக்குத் தெரியும்; கூளமாகக் கலந்துகட்டிய குழப்பம் என்ற பொருள் மிகச் சிலருக்கே தெரியும். அங்கே சிரிப்பு வந்தது சொல்லின் பகட்டிலிருந்து. பொருளுக்கும் சிரிப்புக்கும் தொடர்பே இல்லை. ஆகவே பொருள் உதிர்ந்துவிட்டது.

சிரிப்பு பொருளிலிருந்துதான் பிறந்ததா என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை செய்யலாம். ஐசபெல் பெக்கும் அவரோடு பணியாற்றியவர்களும் 1983-இல் பள்ளிப் பாடநூல் பத்திகளை எடுத்து, கடினச் சொற்களைக் கறுப்படித்து மறைத்து, பெரியவர்களிடம் கொடுத்து ஊகிக்கச் சொன்னார்கள். பொருளை நோக்கி வழிநடத்தும் சூழல்களில் நூற்றுக்கு 86 சரியாக வந்தது. தவறான திசையில் இழுக்கும் சூழல்களில் மூன்றே மூன்று. எல்லா வாக்கியமும் சொல்லைக் கற்றுத் தருவதில்லை. சில வாக்கியங்கள் பொய்யைக் கற்றுத் தருகின்றன. நகைச்சுவை வாக்கியத்துக்கு இந்தச் சோதனையை ஒரு படி கூட்டிக்கொள்ளலாம் என்பது என் யோசனை. சொல்லை மறைத்துப் பார்க்க வேண்டும். ஊகிக்க முடிய வேண்டும். பிறகு அந்த இடத்தில் வேறு ஒரு சொல்லைப் போட்டுப் பார்க்க வேண்டும். சிரிப்பு செத்துப்போக வேண்டும். வேறு சொல் போட்டும் சிரிப்பு வருகிறதென்றால் அந்த வாக்கியம் சொல்லுக்கு உறவே இல்லை.

எடுத்துக்காட்டாக 'பார்சிமோனியஸ்'. 'எங்கள் மாமா எவ்வளவு பார்சிமோனியஸ் என்றால், குடும்பத்தையே ஒகேனக்கல்லுக்கு அழைத்துப் போய், மீன் வறுக்கிற கடை வாசலில் ஆளுக்கு இரண்டு நிமிஷம் நிற்கவைத்து வாசனை பிடிக்கச் சொல்லி, அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.' சொல்லை மறைத்தாலும் மாமா கஞ்சர் என்பது தெரிகிறது. அதே இடத்தில் 'லோக்வேஷியஸ்', அதாவது வாயாடி, என்று போட்டால் வாக்கியம் படுத்துவிடுகிறது. தேறியது.

'ரிலக்டன்ட்', அதாவது மனமில்லாத, என்பதற்கு நல்லம்பள்ளி போதும். செவ்வாய்க்கிழமை ஆட்டுச் சந்தையில் பேரம் படிந்து, காசை எண்ணி வாங்கி, ஆட்டையும் ஒப்படைத்த பிறகு, 'கயிற்றை மட்டும் தாத்தா ரிலக்டன்டாக அவிழ்த்துக் கொடுத்தார்.' ஆட்டுச் சந்தைக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இந்தச் சிரிப்பு ஒரு நொடி முந்தியே வரும். விற்றவர் கயிற்றை விட மாட்டார் என்பது அவர்களுக்குத் தெரியும். வெளியூர்க்காரருக்கு விளக்க வேண்டியிருக்கும். அதனாலேயே இது தருமபுரிப் பிள்ளைக்கு நல்ல வாக்கியம்.

பாலக்கோட்டுத் தக்காளி மார்க்கெட் 'ப்ரொக்ராஸ்டினேட்' என்ற சொல்லுக்காகவே ஏற்பட்டதுபோல் இருக்கிறது. 'கிலோ நூற்றைம்பது விற்றபோது நாளைக்குப் பறிக்கலாம் என்று ப்ரொக்ராஸ்டினேட் செய்த சித்தப்பா, நாளைக்கு மூன்று ரூபாய்க்குப் பறித்தார்.' தள்ளிப்போடுதல் என்ற பொருள் மட்டுமல்ல, தள்ளிப்போட்டால் நஷ்டம் என்ற அந்தச் சொல்லின் உள்சாயலும் இதில் வந்துவிடுகிறது. அகராதி தராத பகுதி இது. விலை சரிந்து கூடை கூடையாகச் சாலையோரம் கொட்டிய வீட்டுப் பிள்ளைக்கு இந்த வாக்கியம் கசப்போடு சிரிப்பைத் தரும். கசப்பும் நினைவுக்கு நல்லதுதான்.

பட்டு வளர்ப்பில் இருந்து ஒரு தோல்வியைக் காட்டலாம். 'பட்டுப்புழுவுக்கு வேளை தவறாமல் மல்பெரி இலை போடும் அப்பா அவ்வளவு மெட்டிகுலஸ். எங்களுக்குச் சோறு போட மறந்தாலும் புழு பட்டினி கிடக்காது.' படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. வகுப்பில் சிரிப்பார்கள். ஆனால் சொல்லை மறைத்துவிட்டுக் கேட்டால் பாசம் என்பார்கள், பைத்தியம் என்பார்கள், ஒருதலைப்பட்சம் என்பார்கள். நுணுக்கமான கவனம் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். பெக் சொன்ன மூன்று சதவீத வகை. அதே புழு 'வொரேஷியஸ்' என்ற சொல்லுக்குச் சரியாகப் பொருந்தும். நான்கு முறை தோலுரித்து ஐந்தாம் பருவத்துக்கு வந்த பட்டுப்புழு, தன் ஆயுளில் தின்னும் மொத்த இலையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அந்தச் சில நாட்களில் தின்று தீர்க்கும். இலை தின்னும் சத்தம் மழை பெய்வதுபோல் கொட்டகைக்கு வெளியே கேட்கும். 'கல்யாணப் பந்தியில் பெரியப்பா உட்கார்ந்த வேகத்தைப் பார்த்து, ஐந்தாம் பருவப் புழுவே இவர் நம்மைவிட வொரேஷியஸ் என்று இலையை நகர்த்திக் கொடுத்தது.' தேறுகிறது. வளர்ப்புக் கொட்டகைக்குள் ஒரு தடவை நின்ற பிள்ளை இந்தச் சொல்லை விடாது.

நாயின் பிறந்தநாளுக்கு நான்கு ஃப்ளெக்ஸ் பேனர் வைத்த குடும்பம் 'ஆஸ்டென்டேஷியஸ்'. இதற்கு விளக்கம் வேண்டாம்.

ஒலியை வைத்துச் சிரிக்கவைக்கும் முறை வேறு ரகம். 1975-இல் அட்கின்சனும் ராவ் என்பவரும் ஆங்கிலம் பேசும் மாணவர்களுக்கு 120 ரஷ்யச் சொற்களை, காதுக்கு ஒத்து ஒலிக்கும் ஆங்கிலச் சொல்லோடு ஒரு கற்பனைக் காட்சியைச் சேர்த்துக் கற்பித்தார்கள். அப்படிப் படித்தவர்களுக்கு 72 சதவீதம் நினைவிருந்தது. அவரவர் போக்கில் படித்தவர்களுக்கு 46. தமிழ் இதற்கு வளமான மொழி. மழை 'அபேட்' ஆனதும் வாயில் வருவது 'அப்பாடா'. கண்டிட்டதை மறைக்காமல் சொல்லிடுகிற ஆள் 'கேண்டிட்'. 'மண்டே' வந்தால் வாழ்க்கை 'மண்டேன்'. காளமேகத்தின் சிலேடையில் ஊறிய நமக்கு இது விளையாட்டு. ஒரு எச்சரிக்கை மட்டும்: ஒலிப் பொருத்தம் எழுத்துக்கூட்டலையும் உச்சரிப்பையும் கோணலாக்கிவிடும். தேர்வில் விடையைத் தொட இது போதும்; நேர்முகத்தில் வாய் திறக்கும்போது இடறும்.

மேற்கத்தியச் சொற்புத்தகங்களிலும் நகைச்சுவை உண்டு. 1949-இல் வந்த நார்மன் லூயிஸின் 'வேர்ட் பவர் மேட் ஈஸி' இன்றும் நம் ஊர்க் கடைகளில் விற்கிறது. மனித குணங்களை ஆளாக நிறுத்திப் பேசுவதில் அவர் கெட்டிக்காரர். அவரை வேரோடு பிடித்துப் படித்தவர்களுக்குப் பலன் கிடைத்திருக்கிறது. ஆனால் பொதுவாக இத்தகைய புத்தகங்களின் சிரிப்பு கால்ஃப் மைதானத்திலும் வக்கீல் அலுவலகத்திலும் மதுக்கூடத்திலும் நடக்கிறது. அரூர் மாணவி முதலில் கால்ஃபைப் புரிந்துகொண்டு, பிறகு ஜோக்கைப் புரிந்துகொண்டு, கடைசியில் சொல்லுக்கு வர வேண்டும். அதற்குள் பஸ் வந்துவிடும்.

தூரத்தில் தேடுவானேன், சிரிப்பு ஏற்கெனவே அரசுப் பாடநூலிலேயே இருக்கிறது. 2018, 2019-இல் வந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களைத் தொகுத்தவர்கள் நகைச்சுவையில் தாராளமாகவே இருந்தார்கள். பத்தாம் வகுப்பில் ஜேம்ஸ் தர்பரின் 'பேய் நுழைந்த இரவு': கீழ்வீட்டில் காலடிச் சத்தம், பக்கத்து வீட்டு ஜன்னலைச் செருப்பெறிந்து உடைத்து உதவிக்கு ஆள் கூப்பிடும் அம்மா, மாடியில் இருக்கும் தாத்தாவோ வந்த போலீஸ்காரர்களை உள்நாட்டுப் போரில் படையை விட்டு ஓடிவந்த சிப்பாய்கள் என்று எண்ணிச் சுட்டுவிடுகிறார். பதினொன்றில் ராபர்ட் லிண்டின் மறதி பற்றிய கட்டுரை. குழந்தையோடு தள்ளுவண்டியை மதுக்கடை வாசலில் விட்டுவிட்டு வீடு திரும்பும் அப்பா அதில் வருகிறார். அதே வகுப்பில் ஈ.வி. லூகாஸ், பில் பிரைசன். விமானத்தில் பையின் ஜிப்பை இழுக்கப் போய் எல்லாவற்றையும் சிதறடித்து விரலையும் கிழித்துக்கொள்ளும் பிரைசனைவிடப் பதினொன்றாம் வகுப்புக்குப் பொருத்தமான ஆள் யார்? பன்னிரண்டில் கி. ராஜநாராயணனின் 'நாற்காலி' ஆங்கிலத்தில். ஆசையாகச் செய்வித்த நாற்காலியை ஊரார் பிணத்தை உட்காரவைக்க இரவல் கேட்டு வருகிற கதை.

இத்தனை இருந்தும் நடப்பது என்ன? கைடு புத்தகம் கதைக்குள் புகுந்து கடினச் சொற்களைப் பொறுக்கி எடுத்து, இணைச்சொல் பட்டியலாக்கி வெளியே வைக்கிறது. 'டெசர்ட்டர்' என்ற சொல்லைத் தர்பரின் தாத்தாவோடு படித்தவனுக்கு அது துப்பாக்கிச் சத்தத்தோடு நினைவிருக்கும். பட்டியலில் படித்தவனுக்கு அது பாலைவனத்தோடும் சாப்பாட்டுக்குப் பின் வரும் இனிப்போடும் குழம்பும். நகைச்சுவை வாக்கியத்தைத் தேடி அலைகிற நாம், கையில் இருக்கும் நகைச்சுவையைச் சக்கையாகப் பிழிந்து எறிகிறோம். மாணவன் கதையை வாய்விட்டுப் படித்துச் சிரிக்க ஒரு பாடவேளை ஒதுக்குவது, நூறு சொல் பட்டியலைவிடப் பயனுள்ளது என்பேன். தலைமையாசிரியர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். தேர்ச்சி சதவீதம் அவர்கள் கழுத்தில் தொங்குகிறது.

சிரிப்பிலும் வகை உண்டு. தொல்காப்பியர் நகை பிறக்கும் இடங்களை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்காக்கினார். கற்பித்தலுக்குப் பின்னவை மூன்றும் கைகொடுக்கும்: சிறுபிள்ளைத்தனம், அறியாமை, எதையும் நம்பிவிடுதல். மேலே வந்த மாமாவும் சித்தப்பாவும் அந்த இனம். முதலாவதான எள்ளல்தான் ஆபத்து, ஏனென்றால் இந்தியரின் ஆங்கிலத்தைச் சுற்றியிருக்கும் சிரிப்பில் பெரும்பகுதி அதுவே. 1890-களில் லண்டனில் எஃப். ஆன்ஸ்டி 'பாபு ஜாபர்ஜி, பி.ஏ.' என்ற பாத்திரத்தைப் படைத்தார். பெரிய பெரிய ஆங்கிலச் சொற்களைத் தப்பும் தவறுமாகக் கொட்டும் இந்தியன். 'பஞ்ச்' பத்திரிகையில் வெள்ளைக்காரர்கள் படித்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பிறகு நம் சினிமாவுக்குக் குடிவந்தது. கிராமத்து ஆள் ஆங்கிலம் பேசினால் அதுவே காமெடி டிராக். வடிவேலுவின் ஆங்கிலத்தை நானும் ரசிப்பவன்தான். அவர் சொற்களை உடைப்பதில் ஒரு கலை இருக்கிறது. ஆனால் காரிமங்கலத்துப் பையன் வகுப்பில் எழுந்து புதுச் சொல்லைச் சொல்லும்போது பின்பெஞ்சில் எழும் சிரிப்பு எந்த வகை என்பதில் சந்தேகம் இல்லை. 2012-இல் வந்த 'இங்கிலீஷ் விங்கிலீஷ்' படத்தில் ஸ்ரீதேவியின் முகம் சுருங்குவது அந்தச் சிரிப்பால்தான். வகுப்பில் சிரிப்பு வாக்கியத்துக்குள் இருக்க வேண்டும்; பேசுகிறவர்மேல் விழக் கூடாது. இதை ஆசிரியர் முதல் நாளே கறாராகச் சொல்லிவிடுவது நல்லது.

உள்ளூர்ச் சிரிப்புக்கும் எல்லை உண்டு. தொப்பூர் கணவாயை வைத்து வேடிக்கை வாக்கியம் எழுதக் கூடாது. அந்த இறக்கத்தில் விபத்தில் யாரையாவது பறிகொடுத்த வீட்டுப் பிள்ளை வகுப்பில் இருக்கும். சாதியையோ, யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்பதையோ தொட்டுச் சிரிக்கவைப்பது இங்கே வேண்டவே வேண்டாம். சாதி மாறிய ஒரு திருமணத்தையொட்டி 2012 நவம்பரில் நத்தம் காலனி எரிந்த மாவட்டம் இது.

எள்ளலைத் தள்ளிவைத்தாலும் 'ஐரனி' என்ற சொல்லைக் கற்பிக்கும் நாளில் அதை உள்ளே அழைத்தே ஆக வேண்டும். அதற்கு அமெரிக்காவுக்குப் போகத் தேவையில்லை. தருமபுரியின் பழைய பெயரான தகடூருக்குள்ளேயே ஆள் இருக்கிறார். தகடூர் மன்னன் அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் போன ஔவையாருக்கு அவன் தன் ஆயுதக் கொட்டிலைப் பெருமையாகக் காட்டினான். உன் ஆயுதங்கள் மயிற்பீலி சூடி, மாலை போட்டு, நெய் பூசிப் பளபளவென்று இருக்கின்றன. எங்கள் மன்னனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்ற பொருளில் அவர் பேசியது புறநானூற்றின் 95-ஆம் பாட்டு. புகழ்வதுபோல் இகழ்வது, இகழ்வதுபோல் புகழ்வது, இரண்டும் ஒரே பேச்சில். வஞ்சப்புகழ்ச்சி என்று தமிழ் வகுப்பில் ஏற்கெனவே படித்ததைத்தான் ஆங்கில ஆசிரியர் மறுபடி முதலிலிருந்து சொல்லித் திண்டாடுகிறார். தமிழய்யாவும் ஆங்கில ஆசிரியரும் ஒரே டீக்கடையில்தான் நிற்கிறார்கள், பாடத்தில்தான் சந்திப்பதில்லை.

இனி இந்த வழியின் பெரிய ஓட்டை. ஒரு சொல் கைவசமாக அதைப் பல முறை சந்திக்க வேண்டும். ஸ்டூவர்ட் வெப் 2007-இல் பத்து முறை சந்தித்த சொல்லைப்பற்றிக்கூட மாணவருக்கு முழு அறிவு வந்துவிடவில்லை என்று காட்டினார். ஆனால் ஜோக்கைப் பத்து முறை சொல்ல முடியுமா? மூன்றாவது முறை முகம் சுளிக்கும். திரும்பச் சொல்வதால் பட்டியலுக்கு நஷ்டமில்லை. நகைச்சுவைக்கு உயிரே போய்விடும். ஆகவே ஒரு சொல்லுக்கு ஒரு வாக்கியம் போதாது, சூழல் மாறி மாறி ஐந்தாறு வேண்டும். இவ்வளவையும் ஆசிரியர் ஒருவர் உட்கார்ந்து எழுதினால் அவர் முடி கொட்டிவிடும்.

எழுத வேண்டியவர்கள் மாணவர்கள். தானே உருவாக்கிய சொல், படிக்கக் கொடுத்த சொல்லைவிட நன்றாக நினைவில் நிற்கும் என்பதை 1978-இல் ஸ்லமெக்காவும் கிராஃபும் சோதித்துக் காட்டினார்கள். ஆளுக்கு ஒரு சொல், ஊரையும் உறவையும் வைத்து ஒரு வாக்கியம், முதலில் பாதி தமிழில் இருந்தாலும் பரவாயில்லை. அடுத்த பெஞ்ச் அதில் வேறு சொல்லைப் போட்டுப் பார்க்கட்டும். சிரிப்பு சாகவில்லை என்றால் வாக்கியத்தை அடித்துவிட வேண்டும். அந்தச் சண்டையிலேயே நாலு இணைச்சொல் வந்து போய்விடும். பாதித் தமிழில் இருந்ததை முழு ஆங்கிலத்துக்கு மாற்றுவது அடுத்த வாரத்து வேலை. அங்கே இலக்கணமும் சொற்சேர்க்கையும் தாமாக வந்து நிற்கும். அந்தப் படியைத் தாண்டாமல் விட்டால், காய்ச்சலுக்கு லீவ் லெட்டர் எழுதுகிற பையன், எங்கும் நிறைந்தது என்ற பொருளைப் பட்டியலில் பார்த்துவிட்டு, 'எனது உஷ்ணம் யூபிக்விட்டஸாக உள்ளது' என்று எழுதிக் கொடுப்பான். பெரிய சொல் தெரிந்திருப்பதும் அது உட்காரும் இடம் தெரிந்திருப்பதும் வேறு வேறு.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஆங்கில நாவலையோ நாளிதழையோ துணையின்றிப் படிக்க எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் வேண்டும் என்று பால் நேஷன் 2006-இல் கணக்கிட்டார். சிரிப்பு வாக்கியத்தால் ஓர் ஆண்டில் நூறு, இருநூறு சொல்லை ஊன்றலாம். மிச்சம் வாசிப்பால்தான் வரும். தர்பரும் பிரைசனும் கி.ரா.வும் மாணவனை அந்த வாசிப்புக்கு இழுக்கிற ஆட்கள் என்பதால்தான் அவர்களை விட மனமில்லை.

எந்தச் சொற்கள் சிரிப்புக்கு இணங்குகின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் வந்தவற்றையே பாருங்கள்: கஞ்சன், வாயாடி, பகட்டுக்காரன், பெருந்தீனிக்காரன், தள்ளிப்போடுகிறவன். எல்லாம் ஆட்களின் குணம். தேர்வு வாரியங்களுக்கும் இவை பிரியமானவை. ஆனால் அரசு கலைக் கல்லூரியில் முதலாண்டு இயற்பியலோ வணிகவியலோ ஆங்கில வழியில் எடுத்த முதல் தலைமுறை மாணவி முட்டிக்கொண்டு நிற்பது வேறு சொற்களில். 2000-இல் அவெரில் காக்ஸ்ஹெட் உயர்கல்வி சார்ந்த எழுத்துகளைத் துழாவி 570 சொற்குடும்பங்களைத் தொகுத்தார். 'டெரைவ்', 'ஹென்ஸ்', 'கான்ஸ்டிட்யூட்', 'நாட்வித்ஸ்டாண்டிங்', 'ஹைப்பாதிஸிஸ்' போன்றவை. ரேஷன் கடையை வைத்து 'அலொகேட்' என்பதற்கு ஒரு நல்ல வாக்கியம் எழுதிவிடலாம். 'நாட்வித்ஸ்டாண்டிங்' என்ற சொல்லைச் சிரிக்கவைக்க நாகேஷாலும் முடியாது. பாடப்புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் இந்தச் சொற்கள் உட்கார்ந்திருக்கின்றன. இவற்றுக்கு நிகண்டுக்காரர்களின் பழைய வழிதான்: உரக்கப் படிப்பது, எழுதுவது, அடுத்த பக்கத்தில் அதே சொல் வரும்போது கோடு போடுவது, மறந்தால் திரும்பவும் எழுதுவது.